எளச்சிருக்கு

அனுசியா ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள். 'எளச்சிட்டே' என்று ராம்குமார் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அதற்குப் பிறகு சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

பிரசவத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். கணவன் ராம்குமார் ராஜபாளையத்தில், பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் வருவான். குழந்தைக்கு ஒரு மாதம் முடிந்திருந்த ஒரு ஞாயிறு, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"யாருங்க இது? எம் பொண்டாட்டிய செத்த கூப்பிடுங்களேன்."

அம்மா சிரித்தாள். அனுசியாவும் சிரித்தாள்.

"எம்புட்டு போடுதிய அத்தை இவளுக்கு? பைக்குல பின்னாடி ஏத்துனா முன்சக்கரம் தூக்கிரும் போல."

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. லோடு ஏற்றுகிற வேலை என்று போனில் சொன்னான். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கேலியும் அவன் வராததும் அவளுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

அம்மா பழைய சேலையைக் கிழித்துத்தான் வயிற்றைக் கட்டிவிடுவாள். அது சீக்கிரம் நெகிழ்ந்துவிடும். குழந்தைக்கு ஆகும் என்று அவன் கொண்டுவந்த பேண்டேஜ் துணி பீரோவில் இருந்தது. அனுசியா கதவைச் சாத்திக்கொண்டு அதைச் சுற்றி, மூச்சு நெஞ்சோடு நிற்கும்வரை இறுக்கினாள். பால் ஊறட்டும் என்று அம்மா செய்த சுறாப்புட்டும் பூண்டுக்குழம்புச் சோறும் பின்வாசல் வாழைமரத்தடிக்குப் போயின. தட்டைக் கழுவிவைத்துவிட்டு வெந்நீரைக் குடித்துப் படுத்துக்கொண்டாள். எழுந்தால் கண் இருட்டியது. அந்த இருட்டு அவளுக்குப் பிடித்திருந்தது. ஏதோ குறைகிறது என்று அது ஒன்றுதான் சொன்னது. கண்ணாடி சொல்லவில்லை. கட்டை அவிழ்த்தால் வயிறு யாரோ போட்டுவிட்டுப் போன பை போலத் தொங்கியது.

குழந்தை மார்பில் வாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பி அழுதது.

"பால் பத்தலையோ, ஏட்டி?"

"வயித்து வலியா இருக்கும்மா."

நாளாக ஆக அழுகை சிறுத்தது. குழந்தை அதிகம் தூங்கியது. பாடுபடுத்தாத பிள்ளை என்றார்கள் பக்கத்து வீட்டில்.

தடுப்பூசி நாளன்று ராம்குமார் லீவு போட்டு வந்தான். அனுசியா கல்யாணத்துக்கு முந்திய நீலச் சுடிதாரில் நின்றாள். மாரில் பிடித்தது, ஆனாலும் நுழைந்துவிட்டது. அவன் குழந்தையை வாங்கிக்கொண்டு, "போவமா, கூட்டம் வந்துரும்" என்றான்.

நர்ஸ் குழந்தையைத் தராசில் கிடத்தினாள். எடுத்தாள். மறுபடியும் கிடத்தினாள்.

"என்னம்மா, பிள்ள எளச்சிருக்கு."

அந்தச் சொல் வந்துவிட்டது. அவளுக்கு அல்ல.

"நீ சாப்பிடுதியா, இல்லியா?" நர்ஸின் கை அவள் இடுப்பில் பட்டு நின்றது. "இது என்ன இப்படி இறுக்கிக் கட்டிருக்க? அவுரு முதல்ல."

திரைக்குப் பின்னால் நின்று அவிழ்த்தாள். சுற்றுச் சுற்றாகத் துணி தரையில் விழுந்தது. விலாவில் சிவப்புக் கோடுகள்.

"பிள்ள பெத்த ஒடம்பு மெதுவாத்தான் எறங்கும். நல்லாத் தின்னுட்டு, நடந்து எறக்கணும். நீ பட்டினி கெடந்தா ஒம் பிள்ளதான் எறங்குது பாரு. டாக்டரப் பாக்காமப் போயிராதிய."

டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவள் மடியில் குழந்தை. சுருட்டிய துணி அவன் கையில் இருந்தது. அதன் ஓரத்தை விரலால் தடவினான், தறியில் பிசிர் பார்க்கிறவனைப் போல.

"எதுக்குட்டி இது?"

"நீங்கதான சொன்னிய."

"நானா? நான் என்ன சொன்னேன்?"

அவன் நடிக்கவில்லை. அவனுக்கு உண்மையிலேயே நினைவில்லை. முன்சக்கரம் என்று சொல்ல வாயெடுத்தாள். எத்தனை சின்ன விஷயம் அது என்று தோன்றியதும் வாய் மூடிக்கொண்டது. இத்தனை நாளும் யாருமில்லாத அறையில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவன் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான்.

"கன்னமெல்லாம் ஒட்டி, நீயும்ல இம்புட்டு எளச்சிட்டே" என்றான். குரல் பயந்திருந்தது.

அவளுக்குள் ஏதோ ஒன்று சட்டென்று மகிழ்ந்தது. குழந்தையைப் பற்றிய பயத்தையும் முந்திக்கொண்டு, வெட்கமில்லாமல் மகிழ்ந்தது. ஒரு கணம்தான். ஆனால் அதை அவள் பார்த்துவிட்டாள்.

மடியில் குழந்தை தூக்கத்திலேயே வெறும் வாயை உறிஞ்சிக்கொண்டிருந்தது.