கைச்சாடை

முப்பது வருஷம் பெட்ரோல் ரம்பத்துக்குக் கீழே நின்றவனுக்குக் காது எங்கே இருக்கும்? மெர்வுக்கு இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலதில் ஏதோ கொஞ்சம் மிச்சம். இது ஒருவருக்கும் தெரியாது. மரம் வெட்டுகிற இடத்தில் யாருக்குத்தான் என்ன கேட்டது? காதடைப்பானை மாட்டிக்கொண்டால் எல்லோரும் செவிடர்கள்தான். மேலே இருப்பவன் முஷ்டியைத் தூக்கினால் 'அறுக்கட்டுமா' என்று அர்த்தம். கீழே நிற்பவன் சுற்றிலும் பார்த்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினால் 'ஆள் இல்லை, அறு'. இந்தக் கைச்சாடையை வைத்தே ஐம்பத்தெட்டு வயது வரை பிழைப்பை ஓட்டிவிட்டான் மனுஷன்.

போன மாதம் முதலாளி ஹாமிஷ் பேட்டரி ரம்பம் வாங்கி வந்தான். புகை இல்லை, இழுத்து இழுத்துக் கிளப்புகிற பாடு இல்லை. அறுக்கும்போது ஒரு சீறல், விரலை எடுத்தால் கப்சிப். ஹாமிஷ் மரமேறுவான், அவன் மனைவி பிரென்னா கிளைகளை இழுத்துப் போடுவாள், மெர்வ் கீழே காவல் நிற்பான். மொத்தக் கம்பெனியும் அவ்வளவுதான்.

"இனிமேலாவது மனுஷங்க மாதிரி வாயால பேசிக்கலாம். இந்தக் கிழவன் கையைத் தூக்கிட்டு நிக்கிறதப் பாத்தா போலீஸ்ல மாட்டுன திருடன் மாதிரியே இருக்கு," என்றாள் பிரென்னா.

"சரி, மேலேருந்து கேப்பேன். பதில் சொல்லு மெர்வ், போதும்," என்றான் ஹாமிஷ்.

அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். 'எனக்குக் கேக்காதுப்பா, கையே காட்டு.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஆனால் காது கேளாதவனை மரத்தடியில் எவன் காவல் வைப்பான்? வேறு வேலையும் அவனுக்குத் தெரியாது. பல்லைக் காட்டித் தலையாட்டிவிட்டான். அன்று முதல் ஹாமிஷின் தாடை அசைந்தால் "ஆள் இல்ல" என்று கத்துவான். எப்போதும் கேட்பது ஒரே கேள்விதானே என்ற தைரியம்.

வியாழக்கிழமை, ஆஸ்திரேலியாவின் பல்லாரட் ஊரில் ஒரு முதியோர் இல்லத்தின் பின்புறம். பட்டுப்போன தைலமரம். சத்தம் வராமல் வெட்டித் தருவோம் என்று சொல்லித்தான் வேலையே கிடைத்தது. பிரென்னா ஒரு கட்டுக் கிளையோடு லாரிப் பக்கம் போவதை மெர்வ் பார்த்தான். அவள் திரும்பி வந்ததை அவன் பார்க்கவில்லை.

அவனுடைய இடது தோளுக்குப் பின்னால் நின்று அவள் சொன்னாளாம்: "யோவ் கிழவா, கிளை இழுக்குற கயிறு ரோஜாச் செடியில சிக்கிக்கிச்சு. எடுத்துட்டு வந்துடறேன், அவரை நிறுத்தச் சொல்லு." ஜன்னலோரம் நின்ற நர்ஸுக்கே அது கேட்டிருக்கிறது. சொல்லிவிட்டு அடிமரத்துக்கு அந்தப் பக்கம் போய்க் குனிந்தாள்.

மேலே ஹாமிஷின் தாடை அசைந்தது.

"ஆள் இல்ல!" என்றான் மெர்வ்.

தாடை மறுபடி அசைந்தது. இரண்டாம் தடவை எதற்கு என்று அவன் யோசித்திருக்கலாம், பாவி. இன்னும் உரக்கக் கத்தினான். "ஆள் இல்லய்யா, அறு!"

மரத்துண்டு விழுந்த அதிர்வு பூட்ஸ் வழியாகக் காலில் ஏறியது. ஜன்னலில் நர்ஸ் வாயைப் பிளந்து அலறிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் மெர்வ் ஓடினான். பிரென்னாவின் கை கயிற்றைப் பிடித்தபடியே இருந்தது. மூச்சு இல்லை.

மதியம் போலீஸ்காரப் பெண் அவனுக்கு நேர் எதிரே நின்று கேட்டாள். "இந்த ரம்பம் சத்தமே போடாதாமே? அதான் அந்தம்மாவுக்குத் தெரியலையா?"

அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த மெர்வுக்கு ஒரு வழி கிடைத்தது. "ஆமா மேடம். சனியன் புடிச்ச ரம்பம். சத்தமே இல்ல."

அவள் எழுதவில்லை. அவளுடைய கண் அவன் தோளைத் தாண்டிப் போய் அங்கேயே நின்றது. மெர்வ் மெதுவாகத் திரும்பினான்.

இரண்டடி பின்னால் ஹாமிஷ். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. எத்தனை தடவை கூப்பிட்டானோ. மெர்வின் முகத்தைப் பார்த்ததும் அவன் வாய் மூடிக்கொண்டது. முஷ்டியை மட்டும் மெல்ல மேலே தூக்கினான். மெர்வின் இரண்டு கையும் பழக்கத்தில் தாமாகவே எழும்பின.

"பிரென்னா எங்கன்னு ரெண்டு வாட்டி கேட்டேன்யா," என்றான் ஹாமிஷ். "காது கேக்காதுன்னு சொல்லியிருந்தா, கையைக் காட்டிட்டுப் போயிருப்பேனே."

ஒவ்வொரு வார்த்தையும் அவன் உதட்டில் மெர்வுக்குத் தெளிவாகத் தெரிந்தது.