காத்தாயி கால் தூக்கும் முன்

பானுப்ரியா யாரையும் முகம் பார்த்து நம்புகிற ரகம் இல்லை. காலைப் பார்ப்பாள். கபடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்க் களத்துக்குள் பாடிப் போகிறவளுக்கு முகத்தைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? முகம் சிரித்துக்கொண்டே இருக்கும், கால் பாய்ந்துவிடும். பத்தொன்பது வயதுக்குள் இது அவளுக்கு எவ்வளவு ஊறிப்போயிருந்ததென்றால், பஸ்ஸில் பக்கத்தில் யாராவது வந்து உட்கார்ந்தால்கூட முதலில் செருப்பைத்தான் பார்ப்பாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் பெரம்பலூரிலிருந்து தமிழ்மொழி என்று ஒருத்தி வந்தாள். தா.பழூர் பள்ளிக்கூட மைதானத்தில் பயிற்சி முடியும் வரை ஓரமாக நின்றிருந்துவிட்டு, “போன்ல ஆடற சண்டை கேம் ஒண்ணு பண்றோம் பானு. அதுல ஒரு பொண்ணு வர்றா. அவளுக்கு நீ ஆடறத வீடியோ எடுத்துக்கலாமா?” என்று கேட்டாள். பானு குனிந்து பார்த்தாள். தட்டைச் செருப்புக்குள் கால் அசையாமல் இருந்தது. ஏமாற்ற வந்தவளின் கால் இவ்வளவு அசையாமல் இருக்காது. அல்லது ஏமாற்றிப் பழகிய காலாக இருக்க வேண்டும்.

வீட்டில் அம்மா செல்வம்மாள் நடவுக்குப் போய்வந்த சேறுகூடக் கழுவவில்லை. “பொம்பளப் புள்ளைய வீடியோ எடுக்கறாளாம். எதுக்குடி? நாளைக்கு எவன் போன்ல எது கெடக்குமோ, யார் கண்டா?”

கேட்டதில் தப்பில்லை. பானு மறுநாளே நிபந்தனை போட்டாள். தன் முகமும் பேரும் எங்கேயும் வரக் கூடாது, வரைந்து முடித்ததும் வீடியோவைத் தன் கண் முன்னால் அழிக்க வேண்டும். தமிழ்மொழி உடனே தலையாட்டினாள். இவ்வளவு சீக்கிரம் தலையாட்டியதே பானுவுக்கு உறுத்தியது.

ஆனாலும் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அரியலூர் போய், பஸ் மாறி, பெரம்பலூர். டயர் கடைக்கு மேலே ஒரு வீடு, அதுதான் கம்பெனி. நாலு பேர், நாலு கம்ப்யூட்டர், எந்நேரமும் ரப்பர் வாடை. மொட்டை மாடியில் மேட் விரித்து, பானுவின் முட்டியிலும் முழங்கையிலும் வெள்ளை டேப் ஒட்டி, இரண்டு பக்கமும் போனை நிறுத்திப் படம் பிடித்தார்கள். அவளுடைய இடது கால் பின்னுதைதான் அவர்களுக்கு முக்கியம். எதிராளி பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் குதிங்காலால் தொட்டுவிட்டு வரும் உதை அது. சுற்றுவட்டாரத்தில் அந்த உதைக்குத் தனிப் பேர் உண்டு. அதையே திரும்பத் திரும்ப உதைக்கச் சொன்னார்கள். இத்தனை எதற்கு என்று பானு ஒவ்வொரு தடவையும் கேட்டாள்.

கேமில் அதுவரை எட்டு ஆம்பளைச் சண்டைக்காரர்கள் இருந்தார்கள். புதிதாக வரப்போகிறவள் ஒன்பதாம் நம்பர், பேர்கூட வைத்திருக்கவில்லை. முதல் வாரம் வெறும் கோடாக, குச்சிக்குக் கை கால் முளைத்த மாதிரி இருந்தாள். இரண்டாம் வாரம் கம்பெனிப் பையன் ஒருவன் அவளுக்கு உடம்பு கொடுத்தான். கொடுத்தான் என்றால் மேலே அள்ளி வைத்து நடுவில் ஒன்றுமே இல்லாமல் ஆக்கியிருந்தான். பானு திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

“இவ சோறு தின்னா அது எந்த வழியா எறங்கும்?”

பையன் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டான். தமிழ்மொழி சிரித்துக்கொண்டே அந்த உடம்பை அழித்தாள். அதற்கப்புறம் அவள் வாரத்தில் ஒரு நாள் தா.பழூருக்கு வந்து, பெண்கள் எப்படி நிற்கிறார்கள், விழுந்தால் எந்தக் கையை ஊன்றி எழுகிறார்கள் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் நம்பருக்குத் தொடை வந்தது. தோள் வந்தது. முட்டியில் தழும்பும் அதன்மேல் நைந்த முட்டி உறையும் வந்தன. சேலை கட்டிவிடலாம் என்றான் ஒருவன், தோல் பேண்ட் போடலாம் என்றான் இன்னொருவன். கடைசியில் கை வெட்டிய ஜெர்சியும் அரை டிரவுசரும் என்று நின்றது. தமிழ்மொழியின் குலசாமி பேரையே வைத்தார்கள், காத்தாயி.

முகம் மட்டும் பானுவை நிம்மதியாக விடவில்லை. வாரத்துக்கு வாரம் அது தன் பக்கமாகவே நகர்ந்து வருவதாக அவளுக்குத் தோன்றியது.

“மூக்கு என்னுது.”

“இல்ல பானு, பொதுவா வரைஞ்சது.”

“என்னுதுதான்க்கா. மாத்துங்க.”

மாற்றினார்கள். வீடியோவை அழித்தபோது இரண்டு போனையும் கம்ப்யூட்டரையும் தானே திறந்து பார்த்த பிறகுதான் படி இறங்கினாள். சரி, விட்டது தொல்லை என்று நினைத்தாள்.

இரண்டு மாதம் கழித்து அவளுடைய உதை செத்துப்போனது.

முதலில் பாடாலூர் பக்கத்துக் கல்லூரி டீமோடு ஆடிய ஆட்டம். பானு காலை எடுப்பதற்குள் முன்னால் நின்றவள் விலகினாள், பக்கத்தில் இருந்தவள் ஊன்றிய காலைக் கட்டிக்கொண்டாள். தற்செயல் என்று நினைத்தாள். அடுத்த ஆட்டத்திலும் அப்படியே. அதற்கடுத்த ஆட்டத்தில் இரண்டு பேர் சேர்ந்து பாய்ந்தார்கள். பயிற்சியாளர் வீரமணி சார் தலையைச் சொறிந்தார். “உன்ன யாரோ பாடம் மாரி படிச்சி வச்சிருக்காங்கம்மா.”

அரியலூர் மாவட்ட ஜூனியர் அணித் தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. இந்த வருடம் விட்டால் வயது தாண்டிவிடும். மாநிலப் போட்டியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் எழுதிப் போடலாம். செல்வம்மாளோடு நடவுக்குப் போகாமல் இருக்க பானுவுக்குத் தெரிந்த ஒரே வழி அந்த உதைதான்.

யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யோசிக்கவே தேவையில்லை என்று அவளுக்குப் பட்டது. ஏலாக்குறிச்சி ஜெயசித்ரா ஆறாம் வகுப்பிலிருந்து அவளோடு ஒரே டீமில் ஆடியவள். களத்தின் ஓரத்தில் நின்று காலைப் பிடிப்பதில் கெட்டிக்காரி. போன வருடம்தான் விளையாட்டு சீட் கிடைத்து அந்தப் பாடாலூர்ப் பக்கத்துக் கல்லூரிக்குப் போய் ஹாஸ்டலில் சேர்ந்தாள். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அடுத்த தடவை அந்தக் கல்லூரியோடு மோதி மறுபடி மாட்டிக்கொண்டபோது, ஆட்டம் முடிந்ததும் பானு நேராகப் போய் இரண்டு டீமும் கேட்கக் கேட்கத் திட்டினாள். “என் பக்கத்துலயே நின்னவளுக்குத்தாண்டி என் காலு தெரியும். எத்தன பேருக்குடி சொல்லிக் குடுத்த? எங்கூட்டுச் சோறு எத்தன நாளு தின்னுருப்ப?”

ஜெயசித்ரா ஷூ கயிறைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்தாள். பையை எடுத்துக்கொண்டு வேனில் ஏறிப் போய்விட்டாள். அவள் டீம் பெண்கள் அதற்கப்புறம் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள் என்று யாரோ வந்து சொன்னபோது பானுவுக்குக் கொஞ்சம் மனசு குளிர்ந்தது. வாயைத் திறக்கவில்லையே, அப்புறம் என்ன?

தேர்வுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அரியலூர் பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள் போனில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். “டிரவுசர இழுத்துட்டா பாரு, தள்ளுடி, உதை வருது” என்றாள் ஒருத்தி. பானு எட்டிப் பார்த்தாள். திரையில் காத்தாயி. வலது கை இறங்கி டிரவுசர் ஓரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தது. அடுத்த நொடி இடது கால் பின்னால் பறந்தது. எதிரே நின்ற தடியன் அதற்குள் விலகியிருந்தான்.

பானு வீட்டுக்குப் போகவில்லை, பெரம்பலூருக்கு பஸ் ஏறினாள்.

“வீடியோவ யாருக்குக் குடுத்தீங்க?”

“யாருக்கும் குடுக்கல பானு. உன் முன்னாடிதான அழிச்சேன்.”

“அப்ப அந்தக் கை எங்கேருந்து வந்துச்சு? நான் அப்புடி எங்க இழுத்தேன்? நீங்களா சேத்ததா?”

தமிழ்மொழி, வீடியோவைப் பார்த்து வரைந்த கோட்டுப் படங்களை வரிசையாகத் திறந்தாள். “முப்பத்தேழு உதை எடுத்தோம். முப்பத்தேழுலயும் இழுக்கற.”

பானு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அந்தக் கை இருந்தது. பதினொரு வயதில், யாரோ கொடுத்த குட்டை டிரவுசரைப் போட்டுக்கொண்டு ஊர்க் கோயில் திடலில் முதல்முறை ஆடினாள். விசில் அடித்தார்கள். அன்றைக்கு அம்மா காதோடு சொன்னது இன்னும் நினைவிருந்தது. ‘காலத் தூக்கறதுக்கு முந்தி இழுத்து வுட்டுக்க.’ அம்மா சொன்னதோடு மறந்திருப்பாள். கை மறக்கவில்லை.

“சண்டை கேம்ல பெரிய அடி வர்றதுக்கு முந்தி ஒரு சைகை காட்டணும் பானு. இல்லன்னா எதிராளிக்குத் தப்பிக்க வழியே இல்ல, யாரும் ஆட மாட்டாங்க. நான் மண்டைய ஒடச்சிக்கிட்டிருந்தேன், நீயே குடுத்த. அதுக்கப்புறந்தான் அவளுக்கு உசிரே வந்துச்சு.”

“என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“கேக்கல” என்றாள் தமிழ்மொழி. கேமை முதலில் யாரிடம் ஆடக் கொடுத்தீர்கள் என்று பானு துருவினாள். பாடாலூர் பக்கத்து லேடீஸ் ஹாஸ்டலில், நாற்பது பேரிடம் என்று பதில் வந்தது.

ஜெயசித்ராவும் அவள் டீமும் தங்கியிருக்கும் ஹாஸ்டல். அப்போ அவளும் அதில் பார்த்துத்தானே எல்லோருக்கும் காட்டிக் கொடுத்திருப்பாள்? பானு விடுவதாக இல்லை.

“அந்த இழுப்ப எடுத்துடட்டுமா?” என்றாள் தமிழ்மொழி.

“எடுத்தா? பாத்தவளுவ மறந்துருவாளுவளா?”

மொட்டை மாடியில் இழுக்காமல் உதைத்துப் பார்த்தாள். கால் எழவில்லை. கைக்காகக் காத்திருந்துவிட்டு, பாதி உயரத்தில் தொப்பென்று விழுந்தது. பத்துத் தடவை பார்த்துவிட்டு விரித்த மேட்மேலேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்த பிறகு ஒரு யோசனை வந்தது. இழுத்தால் உதை வரும் என்றுதானே காத்திருக்கிறார்கள்? இழுப்போம், உதைக்க வேண்டாம்.

தேர்வு நாளன்று அரியலூர் விளையாட்டரங்கில் காலை எட்டு மணிக்கே வெயில் சுட்டது. வந்திருந்த பெண்களை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். எதிர் அணியில் பாடாலூர்க் கல்லூரியில் படிக்கும் அரியலூர் மாவட்டப் பெண்கள் இரண்டு பேர், இடது ஓரத்தில் ஜெயசித்ரா. பானு அவளைப் பார்க்காத மாதிரி கோட்டைத் தாண்டினாள்.

உள்ளே போய்த் திரும்பி, டிரவுசரை இழுத்தாள். நினைத்தபடியே அந்த இரண்டு பேரும் ஊன்றிய காலுக்குப் பாய்ந்தார்கள். பானு துள்ளி விலகி, இரண்டு பேர் முதுகிலும் தட்டிவிட்டுத் திரும்பினாள். இரண்டு பாயிண்ட். ஜெயசித்ரா மட்டும் இருந்த இடத்திலேயே நின்றாள்.

அடுத்த முறை பாடிப் போனபோது மறுபடி இழுத்தாள். முன்னால் இரண்டு பேர் ஏமாந்ததைப் பார்த்த பயத்தில் ஒருத்தியும் அசையவில்லை. இந்தத் தடவை நிஜமாகவே உதைத்தாள், குதிங்கால் ஒருத்தியின் தோளைத் தொட்டது. அப்போது அவளுடைய ஊன்றிய கால் ஜெயசித்ராவின் கைக்கு அரை அடி தூரத்தில் இருந்தது. எட்டினால் பிடி. ஜெயசித்ரா எட்டவில்லை.

பன்னிரண்டு பேர் பட்டியலை மதியம் வாசித்தார்கள். மூன்றாவது பேர் பானுப்ரியா. ஜெயசித்ரா இல்லை. “கால் கைக்கே வந்துச்சு. நட்டு வச்ச கம்பு மாரி நின்ன” என்று தேர்வாளர் அவளிடம் சலித்துக்கொண்டது எல்லோருக்கும் கேட்டது.

தண்ணீர்க் குழாயடியில் அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பானு போய்ப் பக்கத்தில் நின்றாள்.

“கேம் ஆடுறியா நீ?”

“எங்கிட்ட இருக்கறது பட்டன் போனுடி. என்ன கேமு?”

“மொத தடவ ஏன் பாயல?”

“நீ உதைக்க மாட்டேன்னு தெரியும். நெசமா உதைக்கறப்ப தொடைகிட்ட புடிச்சி இழுப்ப. அப்ப முட்டிகிட்ட புடிச்ச.”

“எப்பருந்து தெரியும்?”

“எட்டாவதுலருந்து.”

“யார்கிட்டயும் சொல்லலையா?”

ஜெயசித்ரா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. அதுதான் பானுவால் தாங்க முடியாமல் இருந்தது.

“ரெண்டாவது தடவ நெசமாத்தான் உதைச்சேன். தெரிஞ்சும் ஏண்டி புடிக்கல? புடிச்சிருந்தா நீயும் லிஸ்ட்ல இருந்திருப்ப.”

“புடிச்சிருந்தா, அன்னிக்கி அத்தன பேரு முன்னாடி நீ சொன்னது நெசமா ஆயிருக்கும்ல.”

சொல்லிவிட்டு பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஏலாக்குறிச்சி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனாள். உள்ளேயிருந்து ஜெர்சி அளவு சொல்ல பானுவின் பேரை இரண்டாம் முறையாகக் கூப்பிட்டார்கள்.