ஞாயிறு கழிந்த காது

ஷிஃப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து கேஜ் என்கிற கூண்டில் மேலே வரும் ஆட்களை அப்படியே ஆஸ்பத்திரிக்குக் காது சோதனைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே சோதனை செய்யும் சௌந்தரத்துக்கும் அது வசதிதான். மைசூரில் காது சோதிக்கும் படிப்பை முடித்து வந்தவள் அவள். வருகிறவர் தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டுப் பெட்டியின் பொத்தானை அழுத்துவாள். சத்தம் கேட்டால் அவர் கையைத் தூக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை பாறை துளைக்கும் டிரில்லர் ஏனோக்கின் கை பெரும்பாலும் மடியிலேயே கிடந்தது. வராந்தாவில் அவன் குழந்தை வீறிட்டது. அதற்கும் அவன் திரும்பவில்லை.

"பாத்தீங்களா சிஸ்டர்?" குழந்தையோடு உள்ளே வந்தாள் அவன் மனைவி ஐடா. "முந்தாநாள் சாயங்காலம் புள்ளய தூளியில போட்டுட்டு, பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுத் தண்ணிக்குப் போனேன். வந்து பாத்தா, அழுது அழுது தொண்ட கட்டிகினு கெடக்குது. இவரு வாசல்ல குந்திகினு பீடி புடிக்கிறாரு. இனிமே இவர நம்பி உடமாட்டேன்."

பேச்சு கேட்டதோ இல்லையோ, அவள் முகம் ஏனோக்குக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

சோதனைத் தாளில் கோடு சரிந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்த சௌந்தரத்துக்குப் படித்த பாடம் ஒன்று உறைத்தது. காதுக்குள் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் இருக்கின்றன. சத்தம் வந்து அவற்றை அசைப்பதால்தான் நமக்குக் கேட்கிறது. பாறையைத் துளைக்கும் மிஷினின் இரைச்சலோ, ஆட்கள் புல்லை மிதிப்பதுபோல அவற்றை மிதித்துவிடும். மிதிபட்ட புல் கொஞ்சம் விட்டால் நிமிரும். நாள்தோறும் மிதித்தால் ஒரு பகுதி பட்டே போகும். சுரங்கத்திலிருந்து ஏறி வந்த காதை உடனே அளந்தால், சாய்ந்தது எது, பட்டது எது என்று எப்படித் தெரியும்? வசதியைப் பார்த்து இதை விட்டுவிட்டோமே!

அவன் முகத்துக்கு நேரே நின்று, கத்தாமல் நிதானமாகச் சொன்னாள்: "திங்கக்கெழம ஷிஃப்டுக்கு முன்னாடி வாங்க. நாளைக்குக் காதுக்கு லீவு."

"சர்ச்சுக்குப் போலாமா சிஸ்டர்?" என்று கேட்டான் ஏனோக்.

"போங்க."

"இவரு பாடாம இருந்தா சரி," என்றாள் ஐடா. "பாடினா எங்க காதும் பூடும்."

திங்கட்கிழமை ஏனோக்கின் கை ஏறி ஏறி இறங்கியது. கீச்சென்ற மேல் சத்தங்கள் மட்டும் எட்டவில்லை. அவை பட்டுப்போன புல். அடுத்த சத்தத்துக்காகச் சௌந்தரம் குமிழைத் திருப்பிக்கொண்டிருந்தபோது அவன் மறுபடி கையைத் தூக்கினான்.

அவள் முகத்தைச் சுளித்தாள். "நான் இன்னும் அழுத்தவே இல்லியே?"

"பொட்டி இல்ல சிஸ்டர்." ஹெட்போனைக் கழற்றினான். "பாப்பா."

வராந்தாவில் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

சௌந்தரம் ஐடாவை உள்ளே கூப்பிட்டாள். "இப்ப இவருக்குப் புள்ள குரல் கேக்குதும்மா. வேல விட்டு வந்த சாயங்காலம் சரியா கேக்காது. அது அசட்டை இல்ல, காது அசந்து கெடக்குது. அந்த நேரத்துல தூளியில உட்டுட்டுப் போவாத. நெஞ்சு மேல போட்டுட்டுப் போ. அழுதா அவரு ஒடம்புக்கே தெரியும்."

பிறகு ஏனோக்கிடம் மெழுகில் தோய்த்த பஞ்சு உருண்டைகளை நீட்டினாள். "வெறும் பஞ்சுல சத்தம் பூந்துடும். மிஷின் ஓடறப்ப இத வச்சுக்கங்க. இருக்கற காதாவது நிக்கட்டும்."

ஐடா தயங்கினாள். "தலைய புடிங்க... தலைய!" என்று சொல்லிக்கொண்டே குழந்தையை அவன் மார்பில் சாய்த்தாள். அது திரும்பவும் சிணுங்கியது. வாங்கிக்கொள்ள அவள் கையை நீட்டுவதற்குள், ஏனோக் அதன் முதுகைத் தட்டத் தொடங்கியிருந்தான்.