பஞ்சு சார் கூப்பிட்டால்

எங்கள் மந்திரவாதப் பள்ளியில் மறைதல் பாடம் என்னுடையது. நெருப்பை அடக்கும் பாடம் பக்கத்து வகுப்பில், கசாயத்தினுடையது. கசாயம் என்பது அந்த அம்மாவுக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர். எனக்கு வைத்தது பஞ்சு சார். பாராட்டு என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கசாயம் பேசினால் சுவருக்கே காது வலிக்கும். நகம் வளர்ந்திருந்தால் திட்டு, பொத்தான் மாறியிருந்தால் திட்டு. ஒரு பிள்ளை விரலைச் சுட்டுக்கொண்டால் கசாயமே மடியில் கையை வாங்கி வைத்து மருந்து போடும். போட்டு முடிக்கும்வரை திட்டு நிற்காது. பிள்ளையும் அழுதுகொண்டே ஒட்டி உட்கார்ந்திருக்கும். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

மறைவது சுலபம், திரும்புவதுதான் பாடு. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டு நடுவில் நின்று மறைய வேண்டும். உள்ளே ஒரே இருட்டு. வெளியிலிருந்து ஒருவர் கூப்பிட, அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே திரும்ப வேண்டும். முதலில் எந்தக் குரல் காதில் விழுகிறதோ, கடைசிவரை அது மட்டும்தான் விழும். பிறகு யார் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் ஏறாது. வட்டம் தானாக அழிந்துகொண்டே வரும். முழுக்க அழிந்துவிட்டால் ஆள் போனது போனதுதான். அதனால் யார் கூப்பிட வேண்டும் என்பதை மறைகிற பிள்ளையே சொல்லும். அது பள்ளி வழக்கம்.

இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளைகூட என்னைச் சொன்னதில்லை. வகுப்பு என்னுடையது, வட்டம் நான் போட்டது, சுண்ணாம்புக் கட்டிகூட என் சட்டைப் பையிலிருந்து எடுத்தது. கூப்பிட மட்டும் கசாயம் வர வேண்டும். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

போகட்டும், என் மகள் மறையும் நாள் வரட்டும் என்று பொறுத்திருந்தேன். அவள் தாய் இல்லாமல் வளர்ந்தவள். தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டதே அவளுக்காகத்தான். அந்த நாளும் வந்தது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய், வகுப்பின் முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன்.

"யாரு கூப்பிடணும்?"

"டீச்சர்," என்றாள், என்னைப் பார்க்காமல்.

கசாயம் வந்து நின்றது. "கால ஒட்டி வை. கூன் போடாத. மூக்கைத் துடை."

துடைத்தாள். ஒரே சொல்லில் துடைத்துவிட்டாள். வீட்டில் நான் இதையே எத்தனை முறை கெஞ்ச வேண்டும் தெரியுமா? எனக்குள் எதுவோ பற்றிக்கொண்டது. மகள் மறைந்ததும், கசாயம் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"கண்ணு, அப்பா கூப்பிடறேன், வாடா."

வட்டம் காலியாகவே இருந்தது. இன்னும் குழைந்து இன்னொரு தடவை கூப்பிட்டேன். ஒரு பக்கம் சுண்ணாம்பு மங்க ஆரம்பித்தது.

"என்ன சார் பண்ணிட்டீங்க?" என்றது கசாயம், மெதுவாக. அந்தக் குரல் மெதுவாகி நான் கேட்டதில்லை. "இனிமே என் குரல் அவளுக்குக் கேக்காது. நீங்கதான் கூப்பிடணும். அதட்டுங்க."

"ஏய்... வாம்மா... நல்ல பிள்ளைல்ல..."

"இதுவா அதட்டறது?"

எனக்கு வேறு விதமாக வரவில்லை. பாதி வட்டம் போய்விட்டது. கசாயம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வட்டத்துக்குள் கால் வைத்தது.

"நான் போய் இழுத்துட்டு வரேன். என்னை நீங்க கூப்பிடுங்க."

"நான் கூப்பிட்டா யாரு வர்றா?"

"உண்மையைச் சொல்லித் திட்டுங்க. வருவேன்."

போய்விட்டது. பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள். நான் அழிந்துவரும் கோட்டைப் பார்த்தேன், ஓரமாகக் கிடந்த செருப்பைப் பார்த்தேன். என் வகுப்பில் வந்து அந்தச் செருப்பு எவ்வளவு உரிமையோடு கிடக்கிறது! வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஏம்மா, உங்களுக்கு உங்க வகுப்பு பத்தாதா? ஒரு பிள்ளையையாவது எனக்குன்னு விட்டு வெச்சீங்களா? காய்ச்சல்ல தோள்ல போட்டுட்டு நடந்தது நானு, தலை பின்னி விட்டது நானு. அவ கேக்கறது உங்களை. அப்படி என்ன பண்ணிட்டீங்க, திட்டறதைத் தவிர? எனக்கு வயிறு எரியுது. உங்களைப் பாக்கும்போதெல்லாம் எரியுது. போதும், வெளிய வாங்க. என் பொண்ணைக் கூட்டிட்டு இந்த நிமிஷமே வாங்க!"

விரல் நீளத்துக்குத்தான் சுண்ணாம்பு மிச்சமிருந்தது. இருவரும் தடுமாறிக்கொண்டு வந்து விழுந்தார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மகள் டீச்சரின் இடுப்பைக் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் பொறாமையும் கூடவே வந்துவிட்டது.

"நான் கூப்பிட்டது கேக்கலையாம்மா?"

"கேட்டுச்சுப்பா. நீங்க கூப்பிட்டா அஞ்சு நிமிஷம் கழிச்சு வரலாம்தானே?" என்றாள், வீட்டில் சொல்வது போலவே. பிறகு முகத்தைச் சுருக்கினாள். "டீச்சர் ஏம்ப்பா அழறாங்க?"

அப்போதுதான் நான் நிமிர்ந்து பார்த்தேன். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் மகளின் கைகளை ஒவ்வொன்றாக விலக்கி அவளை என் பக்கம் தள்ளினார்.

"திட்டு ரொம்ப அதிகமாயிடுச்சா?" என்றேன்.

"அதுக்கில்ல சார். உள்ள போனா என் கையே எனக்குத் தெரியல. இவ சம்மணம் போட்டு உக்காந்து பாட்டு பாடிட்டிருக்கா. பயமா இல்லையாடின்னு கேட்டா, அப்பா வெளிய நிக்கிறாரேங்கறா." செருப்பைத் தேடிக் காலை நுழைத்தார். "நான் கூப்பிட்டா எல்லாம் ஓடி வரும். நடுங்கிக்கிட்டே ஓடி வரும். ஒண்ணாவது இருட்டுல உக்காந்து பாடியிருக்கா? எனக்கு மட்டும் வயிறு எரியாதா?"

கேட்டுவிட்டுத் தன் வகுப்புக்குப் போய்விட்டார். அங்கே கேட்டுக்கொண்டிருந்த பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றது.