ராஸ் பதில் எழுதிக்கொண்டிருந்தாள்

மனைவி ராஸ்லின் இறந்த பிறகு அவளுடைய வலைத்தளத்தை மூடிவிடலாம் என்றுதான் வாரிக் உட்கார்ந்தான். பர்னி துறைமுகத்தில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன். கம்ப்யூட்டரில் இரண்டு விரலால் தட்டத்தான் தெரியும். புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கிறவர்களுக்கு என்னென்ன சாமான் உதவும் என்று தான் பட்டதையெல்லாம் வைத்து அவள் எழுதி வந்த தளம் அது. தொப்பி, வாய் கழுவும் மருந்து, இஞ்சி மிட்டாய். "இதைப் போட்டால் அவித்த முட்டை மாதிரி இருப்பீர்கள். ஆனால் குளிராத முட்டை" என்று ஒரு தொப்பியைப் பற்றி எழுதியிருந்தாள். ஒவ்வொரு சாமானுக்கும் கீழே கடையின் இணைப்பு இருக்கும். அதைத் தொட்டு யாராவது வாங்கினால், கடைகளுக்கும் எழுதுகிறவர்களுக்கும் நடுவில் நிற்கும் ஒரு மெல்போர்ன் நிறுவனம் அவளுக்குச் சின்னக் கமிஷன் அனுப்பும். தளத்தின் வாடகைக்கு அது சரியாகப் போய்விடும்.

மூடப் போன அன்று ஒரு கேள்வி வந்து கிடந்தது. வயாலா என்ற ஊரிலிருந்து ஜெனீன் என்ற பெண்.

"ராஸ், இருக்கியா? வாயெல்லாம் புண்ணு. தண்ணிகூட இறங்க மாட்டேங்குது."

ராஸ் இல்லை என்று எழுதத்தான் நினைத்தான். வாய்ப்புண்ணோடு தவிக்கிறவளிடம் அதையா முதலில் சொல்வது? "அடுத்த தடவ ட்ரிப் ஏத்துறதுக்கு முன்னாடியே ஐஸ்கட்டிய வாயில போட்டுக்க. முடியற வரைக்கும் விடாத" என்று எழுதினான். பதில் ராஸின் பெயரில் போயிற்று. அங்கே வேறு பெயர் கிடையாது.

"நீ தங்கம்டி. புண்ணு பாதி குறைஞ்சிருக்கு" என்று அடுத்த ட்ரிப் முடிந்த பிறகு ஜெனீன் திரும்ப எழுதினாள். "ஆமா, உனக்கு இப்ப எப்படி இருக்கு? முழுசா குணமாயிடுச்சா?"

"நல்லாயிருக்கேன்" என்று தட்டினான் வாரிக்.

அந்த ஒரு வார்த்தைதான். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். "உன் வீட்டுக்காரன் ஏதாவது ஒத்தாசை பண்ணுவானா?" என்று அவள் ஒருமுறை கேட்டாள். "டீ போடுவான். அதையும் ஆறவெச்சுதான் கொண்டாருவான்" என்று எழுதினான். ராஸ் அப்படித்தான் சொல்லியிருப்பாள். எழுதிவிட்டுச் சிரித்தான், சிரிப்பு நின்றதும் அவளே பக்கத்து அறையிலிருந்து சொன்னதுபோல இருந்தது. அதற்காகத்தான் தினமும் உட்கார்ந்தான்.

நிறுவனம் ஒப்பந்த விதிகளை மாற்றும்போதெல்லாம் முழநீளத்துக்கு ஒரு பக்கம் வரும். அவன் படிக்காமலே 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதை அமுக்கிவிடுவான். இந்த முறை அமுக்கியும் நகரவில்லை. கணக்குக்கு உரியவர் கேமராவில் முகம் காட்ட வேண்டும், தளத்தில் எழுதியிருக்கும் அனுபவம் அவருடையதாக இருக்க வேண்டும் என்பது புது விதி. ஒரு மாதம் பார்த்துவிட்டு அங்கிருந்து கிர்ஸ்டி என்ற பெண் போன் செய்தாள்.

"ராஸ்லின்கிட்ட பேசலாங்களா?"

"வெளிய போயிருக்கா."

"எப்ப வருவாங்க?"

வாரிக் ஜன்னலைப் பார்த்தான். கடல் மேல் மழை இறங்கிக்கொண்டிருந்தது.

"வரமாட்டா" என்றான்.

கிர்ஸ்டிக்குப் புரிந்துவிட்டது. "மன்னிச்சிடுங்க" என்றாள். "கணக்க உங்க பேருக்கு மாத்தித் தரேன். ஆனா இத எழுதினவங்க இப்ப இல்லன்னு ஒவ்வொரு பக்கத்துலயும் மேல போடணும். இல்லன்னா எங்க இணைப்பயெல்லாம் எடுத்துடுவோம்."

"எடுத்துடுங்க."

இணைப்பு போனால் போகட்டும், பேச்சு மிஞ்சும் என்று அன்று முழுக்கத் தன்னைத் தேற்றிக்கொண்டான். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் 'வரமாட்டா' என்று வாயால் சொல்லிவிட்ட பிறகு, 'நான்' என்று தட்ட விரல் வரவில்லை. மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், வண்டிக்குள் உட்கார்ந்து போனில் ஜெனீனுக்கு எழுதினான். ராஸ் உன் முதல் கேள்விக்கு முன்பே போய்விட்டாள், இத்தனை நாளும் எழுதியது அவள் புருஷன் நான், மன்னித்துவிடு. வாங்கி வந்த சாப்பாட்டை அவன் தொடவே இல்லை.

ஐந்தாம் நாள் பதில் வந்தது.

"எனக்குத் திரும்பி வந்திருக்கு. ஈரல்ல. போன வாரம்தான் சொன்னாங்க. என் பொண்ணுங்ககிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? பர்னில ராஸ்னு ஒருத்தி இருக்கா, இதே நோவுதான், கல்லு மாதிரி இருக்கா, நானும் இருப்பேன்னு சொன்னேன். இப்ப அதுங்ககிட்ட என்னய்யா சொல்லட்டும்?"

அவன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அதைப் பலமுறை படித்தான். "தெரியல" என்று மட்டும் எழுதினான்.

"அந்த ஐஸ்கட்டி விஷயம். அது அவ சொன்னதா, நீயா அடிச்சு விட்டதா?"

"அவ செஞ்சது. கிண்ணத்த நான்தான் புடிச்சிட்டிருந்தேன்."

"சரி. அத மட்டும் வெச்சுக்கறேன். இனிமே எனக்கு எழுதாத."

வாரிக் எழுதவில்லை. அந்த மாதக் கடைசியில் நிறுவனம் இணைப்புகளை எடுத்துவிட்டது. தொப்பிகளும் மிட்டாய்களும் எங்கேயும் போகாத வெறும் பெயர்களாக நின்றன. கேள்வி கேட்கும் பெட்டியை மூட அவன் ஒரு சனிக்கிழமை முழுக்கத் தடவித் தடவி வழி கண்டுபிடித்தான். மூடுமுன், பக்கத்தின் உச்சியில் இரண்டு விரலால் தட்டினான்: ராஸ்லின் இறந்துவிட்டாள். பிறகு டீ போட்டு, சூடாகவே குடிக்கப் பார்த்தான். ஒரு வாயோடு கோப்பையை ஆற வைத்துவிட்டான்.