நிலவறைக் கதவு

"விடுங்கோ அண்ணி! கதவைத் திறவுங்கோ!"

பாலச்சந்திரன் தன் அண்ணியின் தோளைப் பிடித்து இழுத்தான். சந்திரமதி நிலவறைக் கதவோடு முதுகை ஒட்டி நின்றாள். பூட்டிய திறப்பு அவள் கைக்குள் இறுகிக் கிடந்தது.

"உள்ளுக்கை காஸ் நிக்குது தம்பி. போனா நீங்களும் விழுந்திடுவியள்."

"அண்ணை கிடக்கிறார் அண்ணி! என்ரை அண்ணை!"

மேலே வீட்டில் சந்திரமதியின் மகளின் முதலாவது பிறந்தநாள். கணவன் யோகராஜாவுக்குச் சூரிச்சில் ஓர் உணவகத்தில் பியர் ஊற்றும் வேலை. ஊஸ்டரில் இருக்கும் வீட்டுக்கு வருகிற சிநேகிதர்களுக்கும் அப்படியே நுரை தள்ள ஊற்றிக் கொடுக்க ஆசைப்பட்டு, ஒரு பீப்பாவும் காஸ் சிலிண்டரும் கொண்டுவந்து முதல்நாளே நிலவறையில் பொருத்திவிட்டான். "சோடாவுக்கை இருக்கிற காஸ்தான். பயப்பிடாதையும்" என்று மனைவியிடம் சிரித்தான். இரவு கொட்டிய பனி நிலவறையின் ஒரே யன்னலை வெளியிலிருந்து மூடிவிட்டது.

சாடியோடு இறங்கியவன் வரவில்லை என்று சந்திரமதி தேடிப் போனாள். மின்குமிழ் எரிந்துகொண்டிருந்தது. அவன் பீப்பாவின் அருகே குப்புறக் கிடந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி இறங்கினாள். பாதிப் படியில் மூக்குக்குள் சோடா ஏறியதுபோலச் சுரீரென்றது; முழங்கால்கள் கழன்றன. சோடாக் காஸான காபனீரொட்சைட்டு வளியை விடப் பாரமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கும் என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கைப்பிடியைப் பற்றி ஊர்ந்து மேலே வந்தவளுக்குப் பாலச்சந்திரன் ஓடிவரும் சத்தம் கேட்டது. அவனை நிறுத்த வேறு வழி தெரியாமல் கதவைப் பூட்டினாள்.

அவன் கதவில் அடித்தான். பிறகு அவள் காலடியில் குந்தியிருந்து அழுதான். "நீங்கள் ஒரு பொம்பிளையோ?" என்றான். உள்ளிருந்து ஒரு முனகல் கேட்டால் திறந்துவிடுவேன் என்று நினைத்தாள். கேட்டுவிடக் கூடாது என்றும் நினைத்தாள்.

விருந்துக்கு வந்திருந்த மரியதாஸ் தொலைபேசியில் கூப்பிட, தீயணைப்புக்காரர்கள் முகமூடியோடு வந்து அவள் கையிலிருந்து திறப்பை வாங்கினார்கள். யோகராஜாவை வெளியே கிடத்தி நெடுநேரம் நெஞ்சை அமுக்கினார்கள். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. பிறகு ஒருவர் தன் மேலங்கியால் அவன் முகத்தை மூடினார்.

அவர்களின் தலைவர் சிலிண்டரைப் பனியில் நிறுத்தி, குழாய் மூட்டில் கசிவு பார்க்கச் சவர்க்கார நுரை தடவினார். ஒரு குமிழ் மெல்ல ஊதி உடைந்தது. பின்னால் இன்னொன்று.

"அண்ணை கடையிலை ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் தடவிப் பாக்கிறவர்" என்றான் பாலச்சந்திரன், யாருக்கென்றில்லாமல்.

கதவைப் பூட்டியது யார் என்று தலைவர் ஜெர்மனில் கேட்டார். பாலச்சந்திரன் அண்ணியைக் காட்டினான். அவர் இரண்டு விரல்களை உயர்த்தி, மூடிக் கிடந்த உடலையும் அவனையும் நிலவறையையும் சுட்டி ஏதோ சொன்னார். சந்திரமதியின் கையைப் பிடித்து அழுத்தினார்.

"என்னவாம் தம்பி?"

"ஒண்டுமில்லை."

தகனம் முடிந்து வீடு திரும்பும்வரை அவன் அவளோடு கதைக்கவில்லை. வந்திருந்த பெண்களும் அவளைக் கட்டிப்பிடிக்கத் தயங்கினார்கள். "எண்டாலும், புருசன் உள்ளை கிடக்க..." என்று குசினிக்குள் யாரோ தொடங்கி, அவளைக் கண்டதும் நிறுத்தினார்கள்.

எல்லோரும் போனபிறகு தொலைபேசி அடித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, உறவினர் வீட்டில் தொலைபேசியில் பேசக் காத்திருந்த யோகராஜாவின் தாய். பாலச்சந்திரன்தான் எடுத்தான். ரிசீவரைக் காதோடு வைத்திருந்தும் தாயின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"உங்கை இத்தினை பேர் நிண்டியள். என்ரை பிள்ளையை இழுத்தெடுக்க ஒருத்தரும் இல்லையோடா?"

அவன் திரும்பிச் சந்திரமதியைப் பார்த்தான். குழந்தை அவள் இடுப்பில் தூங்கிப்போயிருந்தது. அவள் பார்வையை விலக்கவில்லை.

"கதவு பூட்டிக் கிடந்தது, அம்மா."

தாயின் குரல் தணிந்துவிட்டது; பூட்டியது யார் என்று கேட்டாளோ, கேட்கவில்லையோ. அவன் "ஓம்", "ஓம்" என்று மட்டும் சொல்லி ரிசீவரை வைத்தான்.

சந்திரமதி குழந்தையைக் கிடத்திவிட்டு வந்து இரண்டு பீங்கான் தட்டில் சோறு போட்டாள். மேசையில் எதிரெதிரே வைத்தாள். அவன் யன்னலடியில் நின்றான். அவள் அடுப்படியில் நின்றாள். சோற்றின் ஆவி கொஞ்சநேரம் எழுந்துகொண்டிருந்தது.