ஹெனாரோவின் பதினோராவது பிழை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் கலை ஆர்வத்தால் எழுதவில்லை. இன்று திங்கட்கிழமை. நண்பகல் பன்னிரண்டுக்குள் ஒரு தாளில் ஒரு சின்னக் கட்டத்தை நிரப்பிக் கொடுத்தாக வேண்டும். அதை நிரப்பத் தைரியமில்லாமல் இதை நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் எலிஹியோ. சான் பெத்ரோ தெ மகோரிஸ் என்ற ஊரில், சர்க்கரை ஆலை லீகின் ஸ்கோரர். ஞாயிற்றுக்கிழமை பேஸ்பால் ஆட்டங்களில் விழும் ஒவ்வொரு பந்தும் என் பென்சில் வழியாகத்தான் தாளுக்குப் போகும். மட்டையாளன் பந்தை அடித்துவிட்டு முதல் பேஸ் என்ற முனைக்கு ஓடிச் சேர்ந்தால், அது அவன் அடித்த ஹிட்டா, பிடிக்க வேண்டியவன் செய்த பிழையா என்று தீர்ப்புச் சொல்வதும் நான்தான். அதில் நடுவருக்குக்கூட வாய் கிடையாது.

எங்கள் மைதானத்தின் ஸ்கோர்போர்டைப் புயல் கொண்டுபோய்விட்டது. அதனால் என் கைதான் ஸ்கோர்போர்டு. ஹிட் என்றால் ஒரு விரல், பிழை என்றால் முஷ்டி. நேற்று ஏழாவது இன்னிங்ஸில் மைதானமே என் மேஜையைத் திரும்பிப் பார்த்தபோது, நான் விரலையும் தூக்கவில்லை, முஷ்டியையும் தூக்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

யோசிக்க மறுநாள் நண்பகல் வரை ஸ்கோரருக்கு அவகாசம் உண்டு என்று விதி சொல்கிறது. எங்கள் லீகில் இதுவரை யாரும் அந்த விதியைத் தொட்டதில்லை.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று தரம் பார்த்தேன்.

[ஹெனாரோ லேக் பிறந்தபோதே அவன் கையில் கையுறை இருந்தது என்பார்கள்.] யாரும் அப்படிச் சொன்னதில்லை. இந்த ஊரில் பிறக்கிற எல்லாப் பையன்களைப் பற்றியும் இதைச் சொல்லலாம் என்பதால் யாரைப் பற்றியும் சொல்லுவதில்லை.

[ஷார்ட்ஸ்டாப் என்பவன் தனக்கென்று ஒரு பேஸ் இல்லாதவன். மற்ற மூவருக்கும் காலடியில் ஆளுக்கொரு பேஸ் இருக்கிறது. இவன் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே வெறும் மண்ணில் நின்று, வருகிற பந்திலெல்லாம் பாதியைத் தானே] இதை நிறுத்திவிட்டேன். பொய்யில்லை, ஆனால் கட்டுரை. எங்கள் பாட்டன்மார் ஆங்கிலேயர் ஆண்ட பக்கத்துத் தீவுகளிலிருந்து கரும்பு வெட்ட வந்தபோது கூடவே கிரிக்கெட்டையும் கொண்டுவந்தார்கள். அதில் இந்த இடத்துக்குச் சரிநிகர் எதுவுமில்லை. எங்கள் அப்பன்மார் கிரிக்கெட் மட்டையைப் பரணில் போட்டதற்கு அதுவே காரணம் என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆதாரம் கேட்காதீர்கள்.

மூன்றாவது: ஹெனாரோவுக்கு முப்பத்தெட்டு வயது. வார நாட்களில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிறான். பத்தொன்பது வருஷமாக எங்கள் அணியின் ஷார்ட்ஸ்டாப். ஒவ்வொரு இன்னிங்ஸுக்கு முன்னும் தன் முன்னாலிருக்கும் மண்ணைக் காலால் நிரவி, கூழாங்கற்களைப் பொறுக்கிப் பின்பாக்கெட்டில் போட்டுக்கொள்வான். அதில் பன்னிரண்டு வருஷம் அவனுக்குப் பக்கத்தில் இரண்டாவது பேஸில் நின்றவன் நான். முழங்கால் போனபின் பென்சிலுக்கு வந்தேன். அவன் மகளுக்கு ஞானத்தகப்பனும் நான்தான்.

இதுவே இருக்கட்டும். அழகாக இல்லை, ஆனால் எல்லாம் நிஜம்.

3

அணியின் மேனேஜர் பிளினியோ, ஆலையில் கரும்பு எடை போடுகிற இடத்தில் வேலை பார்ப்பவர். மே மாதம் ஒரு தோல்விக்குப் பிறகு எல்லோர் முன்னாலும் ஹெனாரோவிடம் சொன்னார்:

"இந்த சீசன்ல பத்துப் பிழை ஆச்சு ஹெனாரோ. தாள்ல இன்னும் ஒண்ணு விழுந்துச்சு, நீ முதல் பேஸுக்குப் போற. உன் இடத்துக்கு எடிக்ஸன் வருவான்."

"முதல் பேஸா? அது தொப்பை வெச்சவனுக்குல்ல?"

"உனக்கு மட்டும் என்ன, வயிறு முதுகோட ஒட்டியா கெடக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். எடிக்ஸன் மட்டும் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வயது. இரண்டு வருஷமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அவன் கால் ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருக்காது.

"மைதானம் பூரா கல்லு. பந்து எங்க எகிறுதுன்னு அந்த மாதாவுக்கே தெரியாது" என்றான் ஹெனாரோ.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நான் ஒண்ணும் சொல்லலப்பா. தாள் சொல்லட்டும்" என்றார் பிளினியோ.

அவருக்குப் பாம்பும் சாக வேண்டும், தடியும் உடையக் கூடாது. பத்தொன்பது வருஷம் ஆடியவனைத் தன் வாயால் நகரச் சொல்ல மனமில்லாமல் தாள்மேல் போட்டார். தாள் என்மேல் போட்டது.

(வாசகருக்கு: முதல் பேஸ் கேவலமான இடமில்லை. அங்கே ஒருவன் காலை ஊன்றிக்கொண்டு மற்றவர்கள் எறிவதை வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஊரில் ஷார்ட்ஸ்டாப்பை முதல் பேஸுக்கு அனுப்பினால், அன்று சாயங்காலமே தெருவில் அவனைப் பெயருக்கு முன்னால் 'ஐயா' போட்டுக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.)

4

நேற்றைய பந்து.

ஏழாவது இன்னிங்ஸ். எதிரணியில் இரண்டு பேர் அவுட். மூன்றாவது பேஸில் ஒருவன் நிற்கிறான். நாங்கள் ஒரு ஓட்டம் முன்னால். மட்டையாளன் அடித்த பந்து மண்ணோடு உரசிக்கொண்டு ஹெனாரோவின் வலப்பக்கம் பாய்ந்தது. ஹெனாரோ மூன்று எட்டு எடுத்து வைத்தான். முழங்காலை மண்ணில் போட்டுச் சறுக்கிப் புறங்கையாகக் கையுறையை நீட்டினான். பந்து கையுறையின் நுனியில் பட்டு, தயங்கி, புல்லுக்குள் உருண்டது. ஓட்டம் விழுந்தது. அடுத்த இன்னிங்ஸில் நாங்கள் இரண்டு ஓட்டம் எடுத்து ஜெயித்துவிட்டதால், அந்தப் பந்தை அணியில் யாரும் பொருட்படுத்தவில்லை.

விதி என்ன சொல்கிறது? சராசரி ஷார்ட்ஸ்டாப் ஒருவன், சராசரி முயற்சியில் பிடித்திருப்பான் என்றால் பிழை. இல்லையென்றால் ஹிட். இந்தச் சராசரி ஷார்ட்ஸ்டாப்பை நான் இதுவரை சந்தித்ததில்லை. இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கையில்லாத பாத்திரம் அவன் ஒருவன்தான். அவனுக்கு வயதாவதில்லை, மனைவி கிடையாது, அவன் ஆடும் மைதானத்தில் கல் கிடையாது.

இதில் இன்னொரு அநியாயமும் உண்டு. ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்பவனுக்குப் பிழை எழுத மாட்டார்கள். பாய்ந்துபோய்த் தொட்டவன்மேல்தான் வழக்கு. ஹெனாரோ தன் பத்தொன்பது வருஷத்தில் வாங்கிய பிழைகளில் பாதி, வேறொருவன் கிட்டவே போயிருக்க முடியாத பந்துகளுக்கு வாங்கியவை. கடைசி ஏழு வருஷம் அவற்றை எழுதியவன் நான்.

6

நான்குக்கு அடுத்து ஆறா என்று கேட்பீர்கள். ஸ்கோரர்கள் ஆட்டக்காரர்களைப் பெயரால் எழுதுவதில்லை, எண்ணால் எழுதுகிறோம். முதல் பேஸ் மூன்று, இரண்டாவது பேஸ் நான்கு, மூன்றாவது பேஸ் ஐந்து. ஷார்ட்ஸ்டாப் ஆறு. அந்த ஆறு மைதானத்தில் நிற்பது நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில். ஆகவே இங்கேயும் அங்கேயே நிற்கட்டும்.

இன்று காலை ஏழு மணிக்கு யோகாஸ்தா வந்தாள். ஹெனாரோவின் மனைவி. மைதான வாசலில் யானிகேக்கே ரொட்டி பொரித்து விற்பவள். நான்கு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். இன்னும் சூடு போகவில்லை.

"நேத்து அந்த ஒரு விரலத் தூக்கியிருந்தா உங்க கை சுளுக்கிக்குமாண்ணே?"

"யோசிக்கணும்மா."

"என்ன யோசன? அது ஹிட்டுதான். நான் வாசல்லேருந்தே பாத்தேன். சட்டில எண்ண கொதிக்குது, அப்பவும் பாத்தேன்."

"சரி."

"அவர முதல் பேஸுக்கு அனுப்பிட்டா ஞாயித்துக்கிழம நீங்க வீட்டுக்குப் போயிருவீங்க. மிச்ச ஆறு நாளு வீட்ல அந்த மூஞ்சியப் பாக்குறது யாரு? நான்தானே?"

அவள் போனபின் ரொட்டியைத் தின்றேன். உப்பு சரியாக இருந்தது. ஒன்பது மணிக்கு ஹெனாரோ வந்தான். உட்காரவில்லை.

"எழுதிட்டியா மச்சான்?"

"இல்லடா."

"பிழைன்னு எழுது."

விளையாடுகிறான் என்று நினைத்தேன். விளையாடவில்லை.

"ஹிட்டுன்னு போட்டா என்னடா அர்த்தம்? அந்தப் பந்து எனக்கு எட்டாதுன்னு அர்த்தம். எனக்கு எட்டாதா அது? நீ சொல்லு."

"பிழைன்னு போட்டா முதல் பேஸுக்குப் போகணும். பத்தொன்பது வருஷம்டா."

"போறேன். பிடிக்க வேண்டியத விட்டுட்டான்னு சொல்லி அனுப்புங்க, போறேன். இவனால முடியாது, பாவம், நிக்கட்டும்னு விட்டீங்கன்னா அங்க ஒரு நிமிஷம் நிக்க மாட்டேன்."

"யோகாஸ்தா வந்துட்டுப் போனா."

"ரொட்டி குடுத்தாளா?"

"குடுத்தா."

"தின்னுட்டியா?"

"தின்னுட்டேன்."

"லஞ்சம் வாங்கித் தின்னாச்சு. இனி நியாயமா எழுது." சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னான்: "பிளினியோவுக்குத் தூரத்துல கண்ணு சரியாத் தெரியாது. நடுவரு மூணாவது பேஸுல ஓடுனவனப் பாத்துட்டு இருந்தான். யோகாஸ்தாவுக்கு என்மேல பாசம். எனக்கு என்மேல கோவம். நான் நம்புறது உன் கண்ண மட்டும்தான். நீ பாத்தத எழுது. அது ஹிட்டுன்னா ஹிட்டு, நான் வாய தொறக்க மாட்டேன். நீ பாத்தேல்ல?"

"பாத்தேன்" என்றேன்.

5

இனி முடிவுகள்.

முடிவு ஒன்று: ஹிட் என்று எழுதுகிறேன். ஹெனாரோ சொன்ன சொல் மாறாமல் வாயைத் திறக்கவில்லை. சீசன் முடியும்வரை ஆறாம் எண்ணில் நிற்கிறான். ஆனால் வலப்பக்கம் வருகிற ஒவ்வொரு பந்துக்கும் பாய்வதற்கு முன்னால் ஒரு கணம் என் மேஜையைப் பார்க்கிறான். ஷார்ட்ஸ்டாப்புக்கு அந்த ஒரு கணம் போதும், கெடுவதற்கு.

முடிவு இரண்டு: பிழை என்று எழுதுகிறேன். ஹெனாரோ முதல் பேஸுக்குப் போகிறான். [எடிக்ஸன் எறிந்த முதல் பந்தை வாங்கியதும் அவனைப் பார்த்து மெல்லத் தலையசைக்கிறான், கூட்டம் எழுந்து நின்று] இல்லை. எங்கள் கூட்டம் மழைக்குத் தவிர எதற்கும் எழுந்து நிற்காது.

முடிவு மூன்றை எழுதுவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் காலையிலிருந்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான்காம் பகுதியை நம்பாதீர்கள். மூன்று எட்டு, முழங்கால், புறங்கை, பந்து தயங்கியது எல்லாம் ஆட்டம் முடிந்தபின் நாலைந்து பேர் சொன்னதைச் சேர்த்துத் தைத்தது. ஒருவர் இரண்டு எட்டு என்றார், ஒருவர் நான்கு என்றார். நான் நடுவில் போட்டேன். பந்து தயங்கியது என்பது முழுக்க என் சரக்கு.

நான் அந்தப் பந்தைப் பார்க்கவில்லை. மட்டை சத்தம் கேட்டபோது நான் எங்கள் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடிக்ஸன் எழுந்து நின்று, கையுறை இல்லாமலே, வலப்பக்கம் பாய்வதுபோல் நடித்துப் பழகிக்கொண்டிருந்தான். இடுப்பு எவ்வளவு சுலபமாக இறங்குகிறது என்று பார்த்தேன். அடுத்த வருஷம் அங்கே இவன் நின்றால் எப்படி இருக்கும் என்று மனசுக்குள் நிறுத்திப் பார்த்தேன். நன்றாக இருந்தது. கூச்சல் கேட்டுத் திரும்பியபோது பந்து புல்லில் கிடந்தது, ஹெனாரோ மண்ணில் கிடந்தான்.

ஸ்கோரர் பந்தைப் பார்த்திருக்க வேண்டும். சிநேகிதன் சிநேகிதனைப் பார்த்திருக்க வேண்டும். நான் அவனுக்கு அடுத்து வரப்போகிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது. இதுவரை வந்த பக்கங்களில் ஒரு கேலியும் கிண்டலுமாக எழுதிக்கொண்டு வந்தேனே, அது இந்த வெட்கத்தை மூடத்தான்.

மணி பதினொன்று ஐம்பது. வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம். பிளினியோ தாள் வாங்க வந்துவிட்டார். பின்சீட்டில் ஹெனாரோ உட்கார்ந்திருக்கிறான். இருவரும் உள்ளே வருகிறார்கள். மேஜைமேல் கிடக்கும் தாள்களைப் பிளினியோ பார்க்கிறார்.

"ஒரு கட்டத்துக்கு இத்தன பக்கமாப்பா?"

ஹெனாரோ வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"எலிஹியோ, வர்ற வழியில எடிக்ஸனப் பாத்தோம். நேத்து அந்தப் பந்தப்போ நீ அவனையே பாத்துட்டு இருந்தேன்னு சொல்றான். சின்னப் பய, ஏதோ ஆசையில ஒளறுறான், இல்ல?"

இந்த இடத்தில் எலிஹியோ ஏதாவது சொல்ல வேண்டும். பந்தைப் பற்றி என்றால் நானே தட்டுத்தடுமாறி எழுதிவிடுவேன். இது பந்தைப் பற்றியது இல்லை. வாசகரே, கீழே உங்களுக்கு ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். ஹெனாரோ இன்னும் நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறான், சீக்கிரம் எழுதுங்கள்.

"                                        "